மரணச் சீட்டு வந்தால் மரணமா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் பல்லி விழும் பலன் பற்றி நாலு வரி எழுதினேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சாத்திரம், சீட்டு, ஏடு, குறி என்றே இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் இங்கே இடமில்லை, அவசரமானவற்றை எடுத்திருக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எனக்குச் சாதகக் குறிப்பு கணிக்கத் தெரியும். வடமராட்சியில் சாத்திரியாராக இருந்த என் பெரியப்பாவின் திண்ணையில் இருந்து, 13 வயதில் பஞ்சாங்கம் புரட்டப் பழகினேன். அந்தக் கணக்கின் மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. அதை வைத்து ஒருவருடைய வாழ்க்கைக்குத் தீர்ப்பு எழுதலாம் என்பதில்தான் நம்பிக்கை இல்லை.

கேள்வி: பிறந்தநாளுக்கு நண்பிகள் சேர்ந்து டாரோட் பார்க்கக் கூட்டிப் போனார்கள். எனக்கு விரித்த பத்துச் சீட்டில் மரணச் சீட்டும் ஒன்று. பார்த்தவர் பயப்பட வேண்டாம் என்றுதான் சொன்னார். ஆனால் அன்றிலிருந்து இரவில் எழும்பி, அம்மா மூச்சு விடுகிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் திரும்பப் படுக்கிறேன்.
– வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: தங்கச்சி, முதலில் கணக்கைப் பார்ப்போம். டாரோட் கட்டில் 78 சீட்டு. மரணச் சீட்டு அதில் ஒன்று, 13ஆம் இலக்கம். பத்துச் சீட்டை விரித்தால் அது வருவதற்கான வாய்ப்பு 78இல் 10, அதாவது ஏறக்குறைய எட்டுப் பேரில் ஒருவருக்கு வரும். ஒரு நாளில் எட்டுப் பேருக்குச் சீட்டு விரிக்கும் ஒருவர் மூன்று நாளில் இரண்டு நாள் அளவில் அந்த எலும்புக்கூட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். அன்று அது உங்கள் முறைக்கு வந்தது, அவ்வளவுதான்.

அந்தப் படத்தை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். நீங்கள் கண்டது பெரும்பாலும் 1909இல் லண்டனில் வெளிவந்த கட்டாக இருக்கும், இன்று அதிகம் புழங்குவது அதுதான். ஆதர் எட்வர்ட் வெயிட் என்பவர் திட்டமிட்டார், பமேலா கோல்மன் ஸ்மித் என்ற பெண் ஓவியர் வரைந்தார். கறுப்புக் கவசம் போட்ட எலும்புக்கூடு வெள்ளைக் குதிரையில் வருகிறது. அரசன் ஒருவன் கீழே விழுந்து கிடக்கிறான், மதகுரு கைகூப்பி நிற்கிறார், ஒரு சின்னப் பிள்ளை முழந்தாளிட்டுக் குதிரையை அண்ணாந்து பார்க்கிறது. கொடியில் வெள்ளை ரோஜா, தூரத்தில் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே சூரியன். டாரோட் பார்ப்பவர்களே இதற்கு ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்றுதான் பொருள் சொல்கிறார்கள். வேலை மாறலாம், வீடு மாறலாம். அவர்களுடைய முறைப்படி பார்த்தாலும் அம்மாவின் உயிருக்கும் அதற்கும் தொடர்பு இல்லை.

இது எகிப்தியக் கோயில்களில் ஒளித்து வைத்திருந்த ஞானம் என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருக்கவும் கூடும். அப்படி இல்லை. 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில், மிலான், ஃபெராரா பக்கத்துப் பிரபுக்கள் வீடுகளில் ஆடிய சீட்டு விளையாட்டு இது. நாம் 304 ஆடும்போது துரும்பு போட்டு வெட்டுகிறோமே, அதே கணக்குத்தான். இப்போது எல்லாரும் பயந்து பார்க்கிற 22 படச் சீட்டுகளில் முட்டாள் சீட்டைத் தவிர மற்ற 21உம் அந்த ஆட்டத்தின் துரும்புகள். மரணச் சீட்டைப் போட்டு எதிராளியின் கையை வெட்டியிருப்பார்கள்! பிரான்சில் இன்றும் டாரோட் ஒரு விளையாட்டாக ஆடப்படுகிறது. எகிப்துக் கதையை 1781இல் கிளப்பியவர் கூர் த ஜெபெலின் என்ற பிரெஞ்சுக்காரர். எகிப்தியச் சித்திர எழுத்தை வாசிக்கும் வழியை ஷாம்போலியன் கண்டுபிடித்தது 1822இல். ஒரு எழுத்துக்கூட வாசிக்கத் தெரியாத காலத்தில் சொல்லப்பட்ட கதை அது.

இரவில் எழும்பிப் பார்ப்பதை அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். தனியாக வைத்திருந்தால் அது வளரும். அவருக்குப் பிரஷர், சீனி பார்த்து நாளாகியிருந்தால் ஒரு காலையில் கூட்டிக்கொண்டு போங்கள். சீட்டுக்காகப் போகவேண்டாம், அந்த வயதில் எப்படியும் பார்க்க வேண்டியது என்பதற்காகப் போங்கள்.

கேள்வி: டாரோட் கட்டை நாமே காசு கொடுத்து வாங்கக் கூடாதாம், யாராவது அன்பளிப்பாகத் தர வேண்டுமாம். உண்மையா?
– வாசகர், தெஹிவளை

பதில்: உண்மையில்லை. வாங்கலாம். படங்கள் அழகானவை.

கேள்வி: என் பிறந்தநாள் ஏப்ரல் 5. ஆங்கிலப் பத்திரிகைப்படி நான் மேஷம். அம்மா வைத்திருக்கிற குறிப்பில் விருச்சிகம் என்று இருக்கிறது. எதை வாசிப்பது?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: அவை இரண்டு வேறு கேள்விகளுக்கான விடை. ஆங்கிலப் பத்திரிகை சொல்வது நீங்கள் பிறந்தபோது சூரியன் நின்ற ராசி. குறிப்பில் நாம் 'ராசி' என்பது சந்திரன் நின்ற ராசி. சூரியன் ஒரு ராசியில் ஒரு மாதம் இருக்கும், சந்திரன் இரண்டேகால் நாளில் கடந்துவிடும்.

சூரியனை மட்டும் எடுத்தாலும் கணக்கு ஒத்துவராது. மேற்கத்தியர்கள் மேஷத்தை இரவும் பகலும் சமமாகும் மார்ச் 21 அளவில் தொடங்குகிறார்கள். நாம் நட்சத்திரங்களை வைத்துத் தொடங்குகிறோம், அதனால்தான் நமக்குச் சித்திரை பிறப்பது ஏப்ரல் 14 அளவில். பூமியின் அச்சு மெதுவாகச் சுழன்று திரும்புவதால் இந்த இரண்டு தொடக்கப் புள்ளிகளும் 72 வருஷத்துக்கு ஒரு பாகை வீதம் விலகிக்கொண்டே போகின்றன. இப்போது ஏறக்குறைய 24 பாகை வித்தியாசம், இதைத்தான் அயனாம்சம் என்கிறோம். ஆக நம் முறையில் ஏப்ரல் 5இல் சூரியன் இன்னும் மீனத்தில்தான்.

பத்திரிகையில் வருகிற அந்தப் பன்னிரண்டு பந்திகளும் பழைய ஞானம் என்று நினைக்க வேண்டாம். 1930 ஓகஸ்டில் லண்டன் சண்டே எக்ஸ்பிரஸ் பத்திரிகை, புதிதாகப் பிறந்த இளவரசி மார்கரெட்டுக்குப் பலன் எழுதச் சொல்லி நெய்லர் என்ற சோதிடரைக் கேட்டது. வாசகர்களுக்குப் பிடித்துப்போக, அது எல்லாருக்குமான பத்தியாக வளர்ந்தது. எல்லாருக்கும் தங்கள் பிறந்தநாள் தெரியும், சந்திரன் எங்கே நின்றது என்று தெரியாது. சூரியனை வைத்துக்கொண்டதற்கு அதைவிடப் பெரிய காரணம் தேவைப்படவில்லை.

கேள்வி: நான் 1998 ஜூலை 10 காலை 6.40க்குக் கொழும்பில் பிறந்தேன். ஊரில் எழுதிய குறிப்பில் கடக லக்கினம். கொம்பியூட்டரில் போட்டால் மிதுனம் வருகிறது. இரண்டு பேரிடம் கேட்டேன், இரண்டு பேரும் மற்றவருக்கு ஒன்றும் தெரியாது என்கிறார்கள்.
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: இந்தக் கேள்விக்காகவே இந்த இதழைக் கத்தரித்து வைக்கச் சொல்வேன், உங்கள் வயதுக்காரர் ஆயிரக்கணக்கானோருக்கு இதே சிக்கல் இருக்கிறது.

1996இல் மழை இல்லாமல் நீர்த்தேக்கங்கள் வற்றி, மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது, வெளிச்சத்தை மிச்சப்படுத்த அரசாங்கம் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளியது. மே 25இல் ஒரு மணித்தியாலம். அது தாங்காமல் ஒக்டோபர் 26இல் அரை மணித்தியாலம் பின்னுக்கு எடுத்தார்கள். மிச்ச அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் 15 வரை அப்படியே இருந்தது. அன்றுதான் திரும்ப பழைய நேரத்துக்கு, இந்தியாவின் அதே நேரத்துக்கு, வந்தோம். ஆக 1998இல் ஆசுப்பத்திரிச் சுவரில் 6.40 என்றால், பஞ்சாங்கக் கணக்குக்கு அது 6.10. லக்கினம் என்பது பிறந்த நேரத்தில் கிழக்கில் உதிக்கும் ராசி, அது ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாறும். அரை மணித்தியாலம் பிசகினால் நாலு பேரில் ஒருவருக்கு லக்கினமே வேறாகிவிடும். உங்களுக்கு மிதுனத்தின் கடைசியில் பிறப்பு, அரை மணித்தியாலத்தைக் கழிக்க மறந்ததால் கடகத்துக்குப் போயிருக்கிறது. கொம்பியூட்டர் சொன்னதுதான் சரி. சந்திரன் அவ்வளவு வேகமாக நகராது, ஆகவே ராசியும் நட்சத்திரமும் அநேகமாக மாறியிருக்காது.

வன்னியில் பிறந்தவர்களுக்கு இன்னொரு சிக்கல். புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் அந்தக் காலம் முழுக்கப் பழைய நேரம்தான் ஓடியது. ஒரே தீவுக்குள் இரண்டு மணிக்கூடு. பெரியப்பா தன்னுடைய சீ.ஆர். கொப்பியில் ஒவ்வொரு பிறப்பு நேரத்துக்கும் பக்கத்தில் சிவப்புப் பேனையால் 'ப.நே.' அல்லது 'பு.நே.' என்று குறித்து வைப்பார். தகப்பன்மார் நேரத்தைச் சொன்னவுடன் அவர் கேட்கும் முதல் கேள்வி, பழசா புதுசா என்பதுதான். 1942 தொடக்கம் 1945 வரை, யுத்த காலத்திலும் இலங்கை நேரம் முன்னுக்குத் தள்ளப்பட்டிருந்தது. அம்மம்மா, தாத்தாவின் பழைய ஓலைகளைப் பார்ப்பவர்கள் அதையும் கவனிக்க வேண்டும்.

இத்தனை வருஷமாகக் கடக லக்கினம் என்று நம்பி, அதற்கு எழுதிய பலன்களெல்லாம் தங்களுக்குப் பொருந்துகின்றன என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். நேரம் திருத்தி மிதுனம் என்று காட்டினால், அந்தப் பலனும் அவர்களுக்குப் பொருந்திவிடுகிறது. நான் பலனில் நம்பிக்கை இழந்தது அந்தக் கொப்பியை வைத்துக்கொண்டுதான்.

கேள்வி: மகளுக்கு 31 வயது. எட்டில் செவ்வாய். மூன்று சம்பந்தம் குறிப்பைப் பார்த்த கையோடு நின்றுவிட்டது. கடைசி இடத்தில் பையனின் அம்மா, "என்ரை பிள்ளையின்ரை உயிரோடை விளையாடேலாது" என்று போனில் சொன்னார். மகள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். என்ன பரிகாரம் செய்யலாம்?
– ஒரு தாய், கொட்டாஞ்சேனை

பதில்: அம்மா, மகள் அதைக் காதால் கேட்டிருக்கிறாள் என்ற வரியைத் தாண்ட எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. இந்தப் பதிலை அவளும் வாசிக்க வேண்டும் என்று நினைத்து எழுதுகிறேன்.

லக்கினத்திலிருந்து 2, 4, 7, 8, 12ஆம் வீடுகளில் செவ்வாய் நின்றால் தோஷம் என்பது நம்மிடையே வழக்கம். வீடுகள் மொத்தம் 12, அதில் ஐந்து. பிறக்கிற நூறு பிள்ளைகளில் 42 பேர் அளவில் இதற்குள் வந்துவிடுவார்கள். லக்கினத்தோடு நில்லாமல் சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் எண்ண வேண்டும் என்கிறவர்களும் உண்டு. மூன்று வழியிலும் எண்ணினால் நூற்றுக்கு எண்பதுக்குக் கிட்டப் போகிறது. ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு இருக்கிற ஒன்று எப்படி உயிரெடுக்கும்? சாத்திரத்தை எழுதியவர்களுக்கும் இது விளங்கியிருக்கிறது, அதனால்தான் விலக்குகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். செவ்வாய் சொந்த வீடான மேஷத்திலோ விருச்சிகத்திலோ நின்றால் தோஷமில்லை, மகரத்தில் உச்சம், தோஷமில்லை, குரு பார்த்தால் இல்லை, கடக லக்கினத்துக்கும் சிம்ம லக்கினத்துக்கும் இல்லை. இந்த விலக்குகளைச் சொல்லாமல் செவ்வாய் என்ற ஒரு சொல்லோடு குறிப்பை மடித்துக் கொடுப்பவர் தன் வேலையைப் பாதியில் விட்டவர்.

பத்துப் பொருத்தம் என்கிறோமே, அந்தத் தினம், கணம், யோனி, ரஜ்ஜு எல்லாம் இரண்டு பேருடைய நட்சத்திரத்தையும் ராசியையும் மட்டும் வைத்துப் பார்ப்பவை. சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஒரு நாள் அளவு எடுக்கும். அன்றைக்குப் பிறந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் ஏறக்குறைய அதே பொருத்தம்தான். பையன் குடிப்பானா, கோபக்காரனா, கடன் வைத்திருக்கிறானா, அக்கா தங்கச்சியோடு எப்படிக் கதைப்பான், எதையும் அந்தத் தாள் சொல்லாது.

என் பெரியப்பாவின் மூத்த மகள், என் அக்கா, கணித ஆசிரியை. ஏழில் செவ்வாய். ஊருக்கெல்லாம் பொருத்தம் பார்த்துக் கொடுத்த மனிதர், தன் மகளின் குறிப்பை எடுத்துக்கொண்டு எட்டு வருஷம் நடந்தார். ஒவ்வொரு முறையும் வாசலில் செருப்பைக் கழற்றும் விதத்திலேயே பதில் என்னவென்று பெரியம்மாவுக்குத் தெரிந்துவிடும். கடைசியில் அக்காவைக் கட்டியவர் வலிகாமத்துக்காரர், 95 இடப்பெயர்வில் ஓலை தொலைந்துபோனவர். பார்ப்பதற்குக் குறிப்பே இல்லை. ஆகவே ஆளைப் பார்த்தார்கள், இரண்டு பேரையும் கதைக்க விட்டார்கள். இருவரும் இப்போது வெள்ளவத்தையில்தான் இருக்கிறார்கள், அத்தானுக்கு 60 தாண்டிவிட்டது.

பரிகாரத்துக்குக் காசு செலவழிக்க வேண்டாம். கோயிலுக்குப் போக விருப்பமென்றால் மகளோடு போங்கள், ஆனால் குறை தீர்க்கக் கூட்டிப் போவதாக அவளுக்குத் தோன்றக் கூடாது. தரகரிடம், முதலில் பிள்ளைகள் சந்தித்துக் கதைக்கட்டும், குறிப்பைப் பிறகு பார்ப்போம் என்று சொல்லுங்கள். சிலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஒத்துக்கொள்கிற வீடுகளும் கொழும்பில் இப்போது இருக்கின்றன. அதற்கெல்லாம் முன்னர், இதை எப்படிக் கொண்டுபோக விருப்பம் என்று அவளிடமே கேளுங்கள்.

கேள்வி: மூல நட்சத்திரப் பெண் மாமனாருக்கு ஆகாது என்பது உண்மையா?
– வாசகர், மட்டக்குளி

பதில்: 27 நட்சத்திரம். ஆகவே பெண்களில் 27 பேருக்கு ஒருவர் மூலம். இந்த நாட்டில் அது நாலு லட்சம் பெண்களுக்குக் கிட்ட வரும். அவர்களுடைய மாமனார்கள் எல்லாரும் எங்கே போய்விட்டார்கள்? வீட்டுக்கு வரப்போகிற பிள்ளையைப் பற்றி இப்படி ஒரு சொல்லை எடுக்காதீர்கள்.

கேள்வி: நான் மகர ராசி. ஏழரைச் சனி 2025 மார்ச்சோடு முடிந்தது என்று ஒருவரும், இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது என்று இன்னொருவரும் சொன்னார்கள்.
– வாசகி, கொழும்பு 13

பதில்: முன்னவர் திருக்கணிதம், பின்னவர் வாக்கியம். திருக்கணிதப்படி சனி மீனத்துக்கு வந்தது 2025 மார்ச் 29. வாக்கியப் பஞ்சாங்கப்படி 2026 மார்ச். வானத்தில் இருப்பது ஒரே சனி. வாக்கியம் பழைய சூத்திரங்களைக் கொண்டு கணிப்பது, திருக்கணிதம் கோள் உண்மையில் நிற்கும் இடத்தோடு ஒத்துப்போகும்படி திருத்தப்பட்டது. இன்னொரு கணக்கும் சொல்கிறேன்: ஏழரைச் சனி எந்த நேரமும் மூன்று ராசிகளுக்கு நடந்துகொண்டே இருக்கும். உலகத்தில் நாலில் ஒரு பங்கு மனிதர்கள் இந்த நிமிஷமும் அதற்குள்தான்.

கேள்வி: வைத்தீஸ்வரன் கோவிலில் இருந்து வந்திருக்கிறோம் என்று வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் தங்கி நாடி ஏடு வாசித்தார்கள். பெருவிரல் ரேகையை மட்டும்தான் கொடுத்தேன். அப்பாவின் பெயரையும் அம்மாவின் பெயரையும் அப்படியே சொன்னார்கள். இதற்கு என்ன விளக்கம்?
– வங்கி ஊழியர், கொழும்பு 6

பதில்: ரேகையை மட்டும்தான் கொடுத்தீர்களா? அன்று நடந்ததைக் கொஞ்சம் பின்னோக்கி ஓட்டிப் பாருங்கள். ஏட்டுக்கட்டை எடுத்துவந்து, இது உங்களுடைய ஏடுதானா என்று கண்டுபிடிக்க வேண்டும், ஓம், இல்லை என்று மட்டும் சொல்லுங்கள் என்றிருப்பார்கள். அப்புறம் இப்படிப் போயிருக்கும்:

"தகப்பனார் பெயர் கடவுள் பெயரா?" ஓம். "சிவன் பெயரா?" இல்லை. "சரி, இந்த ஏடு இல்லை." அடுத்த ஏடு. "முருகன் பெயரா?" ஓம். "நாலு எழுத்துக்கு மேலா?" ஓம். "தகப்பனார் அரசாங்க உத்தியோகமா?" இல்லை. "சரி, இதுவும் இல்லை." அடுத்தது. "பெயர் 'க'வில் தொடங்குமா?"

ஒவ்வொரு 'இல்லை'யும் அவர்களுடைய தோல்வியாக உங்களுக்குத் தெரியவில்லை, ஏடு மாறுகிறது என்றுதான் தெரிகிறது. ஆனால் ஒவ்வொரு விடையும் மிச்சமுள்ள பெயர்களைப் பாதியாக்கிக்கொண்டு வருகிறது. இப்படி நன்றாகப் பிரித்து 20 கேள்வி கேட்டால் பத்து லட்சம் பெயரிலிருந்து ஒன்றைத் தனியாக எடுக்கலாம். முக்கால் மணித்தியாலத்தில் நாற்பது, ஐம்பது கேள்வி கேட்டிருப்பார்கள். முடிவில் பழைய எழுத்தில் இருக்கும் ஏட்டை ராகமாக வாசித்து, நீங்களே கொடுத்த விடைகளை ஒன்றாகச் சேர்த்துத் திருப்பித் தருகிறார்கள். உடம்பு சிலிர்க்கும்தான். இல்லை என்று சொன்ன முப்பது தடவையும் மனதில் நிற்காது, ஓம் என்று சொன்ன கடைசிப் பத்துத்தான் நிற்கும். ஒலிப்பதிவு தந்திருந்தால் அதை எடுத்து, தேடிய பகுதியும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் ஏடு கிடைத்த பிறகுதான் பதிவைத் தொடங்கியிருப்பார்கள்.

"குணத்தைக்கூடச் சரியாகச் சொன்னார்கள்" என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். 1948இல் பேர்ட்ராம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியல் ஆசிரியர் தன் மாணவர்கள் 39 பேருக்கு, உங்கள் ஒவ்வொருவருடைய குணமும் இதில் இருக்கிறது என்று ஒரு தாள் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்குப் புள்ளி போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. பிறகுதான் தெரிந்தது, எல்லாருடைய தாளிலும் இருந்தது ஒரே எழுத்து, அதில் பெரும்பகுதி கடையில் விற்ற ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தது. வெளியில் தைரியம், உள்ளுக்குள் யோசனை, உங்கள் திறமைக்குரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை, நம்பியவர்களே கைவிட்டிருக்கிறார்கள். இதெல்லாம் யாருக்குப் பொருந்தாது?

கேள்வி: பேஸ்புக்கில் பழக்கமான ஒரு சாத்திரி, எனக்கு உறவுக்காரப் பெண் ஒருவர் செய்வினை செய்திருக்கிறார் என்றார். முதலில் 7,500 ரூபாய், பிறகு பூசைக்கு 40,000, பிறகு இன்னும் 60,000 அனுப்பிவிட்டேன். இப்போது தங்கம் கேட்கிறார், பாதியில் நிறுத்தினால் தம்பிக்குத் திரும்பும் என்கிறார். நித்திரை இல்லை.
– வாசகர், தெஹிவளை

பதில்: இனி ஒரு சதமும் அனுப்பாதீர்கள். தம்பிக்கு ஒன்றும் நடக்காது.

அந்த ஆள் உங்களைப் பற்றிச் சொன்னவற்றை ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் உங்கள் பேஸ்புக்கைத் திறந்து வைத்துப் பாருங்கள். வேலை போன திகதி, அப்பாவின் அந்தியேட்டிக்குப் போட்ட படம், தம்பியின் பெயர், எல்லாம் அங்கேயே இருக்கும். உறவுக்காரப் பெண் என்று சொன்னது சும்மா எறிந்த கல். காணிச் சண்டையோ கலியாண வீட்டு மனஸ்தாபமோ இல்லாத குடும்பம் எது? யார் அந்தப் பெண் என்று நீங்கள்தான் மனதில் ஒரு முகத்தை வைத்தீர்கள். பாவம், மாமியோ சித்தியோ, தான் என்ன செய்தேன் என்று தெரியாமலே உங்கள் வீட்டில் எதிரியாகிவிட்டார். அவர் வீட்டுக்கு ஒருநாள் போய் வாருங்கள்.

காசு அனுப்பிய வங்கிச் சிலிப், வாட்ஸ்அப் செய்தி, குரல் பதிவு, ஒன்றையும் அழிக்காதீர்கள். அவற்றோடு பொலிஸில் முறைப்பாடு கொடுங்கள். வெட்கப்பட்டு ஒளிக்கிறபடியால்தான் இவர்கள் அடுத்த வீட்டுக்குப் போகிறார்கள். பயம் காட்டிவிட்டு, அதைப் போக்கக் காசு கேட்கிற எவரும், அவர் கையில் வைத்திருப்பது வெற்றிலை மையோ சீட்டுக்கட்டோ மொபைல் போனோ, ஒரே தொழில்தான் செய்கிறார். நித்திரை வராவிட்டால் 1926க்கு அழையுங்கள், தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம் அது. கதைத்தாலே பாரம் கொஞ்சம் குறையும்.

உங்கள் இடத்துக்குக் கிட்டத்தான், பாமன்கடையில், பகுத்தறிவாளர் ஏப்ரகாம் கோவூர் இருந்தார். திருவல்லாவில் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படிப்பித்து, கொழும்புக்கு வந்தவர். மோசடிக்கு இடமில்லாத இடத்தில் ஒரே ஒரு அற்புதத்தைச் செய்து காட்டுபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று 1963இல் அறிவித்தார். அன்றைய ஒரு லட்சம்! செய்வினையால் தன்னைக் கொல்ல முடிந்தால் கொல்லட்டும் என்றும் அழைத்தார். 1978இல், 80 வயதில், நோய்வாய்ப்பட்டுத்தான் இறந்தார். அந்தக் காசை யாரும் வாங்கவில்லை.

கேள்வி: சோதிடம் விஞ்ஞானம் என்று எங்கள் ரியூஷன் சேர் சொல்கிறார். கிரகணத்தை நிமிஷக் கணக்கில் சொல்கிறார்களே என்று கேட்கிறார்.
– உயர்தர மாணவி, பம்பலப்பிட்டி

பதில்: கிரகணம் சொல்வது வானியல். சூரியன், சந்திரன், பூமி எப்போது ஒரே வரியில் வரும் என்ற கணக்கு அது. ராகு, கேது என்பவையே சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வெட்டுகிற இரண்டு புள்ளிகள்தான். நம் முன்னோர் அதைக் கணித்தது பெருமைப்பட வேண்டிய விஷயம். அந்தப் புள்ளி ஐந்தாம் வீட்டில் நின்றால் பிள்ளை பிறக்காது என்பது வேறு கூற்று, அதற்குத் தனியாகச் சான்று வேண்டும்.

சோதித்துப் பார்த்தும் இருக்கிறார்கள். வானியலாளர் ஜயந்த் நார்லிகர் 2008இல் புனேயில், மிகச் சிறப்பாகப் படிக்கும் 100 பிள்ளைகளின் பிறப்பு விபரங்களையும் மனவளர்ச்சி குன்றிய 100 பிள்ளைகளின் விபரங்களையும் கலந்து, 27 சோதிடர்களுக்கு ஆளுக்கு 40 குறிப்பு கொடுத்து, எது எந்தப் பிள்ளையுடையது என்று பிரிக்கச் சொன்னார். சரியாக வந்தது நூற்றுக்கு 46 அளவில். நாணயம் சுண்டினால் 50 வரும். நம் நாட்டிலும் பார்த்தோமே, 2015 ஜனவரி 8 ஜனாதிபதித் தேர்தலில், அன்றைய ஜனாதிபதி மஹிந்த ராஜபக்சவின் சோதிடர் வெற்றி நிச்சயம் என்று சொன்னதையும் அவர் தோற்றுப்போனதையும். சேரிடம் மரியாதையாகவே இதைச் சொல்லுங்கள், நார்லிகரின் பரிசோதனையை அவரும் தேடிப் பார்க்கட்டும்.

கேள்வி: என் அண்ணா 2009இல் காணாமல் போனவர். அம்மா ஒவ்வொரு மாதமும் ஒரு வீட்டுக்குப் போய்க் குறி கேட்கிறார். "இருக்கிறான், வடக்குப் பக்கம் இருக்கிறான், அடுத்த ஆடிக்குள் சேதி வரும்" என்று சொல்லி 3,000 ரூபாய் வாங்குகிறார்கள். எத்தனை ஆடி போய்விட்டது. இனிப் போகாதே என்று சண்டை பிடித்தேன், அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. நான் செய்தது பிழையா?
– வாசகி, முகத்துவாரம்

பதில்: பிழை என்று சொல்ல மாட்டேன். ஆனால் போக வேண்டாம் என்று இனிச் சொல்லாதீர்கள், அடுத்த மாதம் நீங்களும் கூடப் போங்கள். குறி சொல்பவருக்கு அண்ணா எங்கே என்று தெரியாது. அது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும், அம்மாவுக்கும் மனதின் ஒரு மூலையில் தெரிந்திருக்கலாம். ஆனாலும் அந்த அறையில் அரை மணித்தியாலம் ஒருவர் அண்ணாவைப் பற்றிக் கேட்கிறார், அம்மா பதில் சொல்கிறார். உங்கள் வீட்டில் அண்ணாவின் பெயரைக் கடைசியாக எப்போது சொன்னீர்கள்? காயப்படுத்தக் கேட்கவில்லை. பல வீடுகளில் அழுகைக்குப் பயந்து பெயரையே எடுப்பதில்லை.

3,000 ரூபாயைக் குறைக்க வழி பாருங்கள், அதைவிடப் பெரிய பூசை, தகடு, நேர்த்தி என்று கேட்டால் நீங்கள் இடையில் நின்று மறுத்துவிடுங்கள். காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தில் அண்ணாவின் முறைப்பாடு பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த அலுவலகம் அது. அதன் மேல் தாய்மார் பலருக்கு நம்பிக்கை இல்லை, அந்தக் கோபம் நியாயமானது. இருந்தாலும் பெயர் பதிவில் இருக்க வேண்டும், இலக்கம் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

அப்புறம் ஒரு கொப்பி வாங்குங்கள். குறி கேட்டு வந்த அன்று பின்னேரம், தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, அம்மாவிடம் கேட்டு எழுதத் தொடங்குங்கள். கடைசியாகக் கண்டது எந்த இடம், என்ன நிறச் சட்டை, கூட யார் யார் நின்றார்கள், காலில் அந்தத் தழும்பு எப்படி வந்தது, சின்ன வயதில் எதற்கு அடம்பிடித்தான், என்ன பாட்டு முணுமுணுப்பான். அம்மாவுக்கு ஞாபகம் இருக்கும்போதே, திகதி போட்டு எழுதுங்கள்.